ஆஸ்பத்திரியில் பர்ன்அவுட்: மேலே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது?

தொடர்ந்து மூன்று நைட் டூட்டி பார்த்த சிஸ்டர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, பகல் முழுக்கத் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவார். அது அசதி. நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் வந்த பிறகும் வார்டு வாசலை மிதிக்கும்போதே நெஞ்சில் ஒரு கனம் ஏறுகிறது, நோயாளி கூப்பிட்டால் முதலில் எரிச்சல்தான் வருகிறது, 'இங்க நான் என்னதான் பண்றேன்' என்ற நினைப்பு விடாமல் துரத்துகிறது என்றால் அது வேறு. அதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள்.

இதைப் பற்றி 1974-ல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர். சேவை செய்ய ஆசைப்பட்டு ஓடி வந்தவர்களே கொஞ்ச காலத்தில் வற்றிப்போவதை அங்கே பார்த்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் இதை அளப்பதற்கு 1981-ல் ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வுகள் அதை வைத்துத்தான் நடக்கின்றன. அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று. மனம் காலியாகிப்போவது முதலாவது. மனிதர்களிடமிருந்து விலகிவிடுவது இரண்டாவது: 'பண்ருட்டியிலிருந்து வந்த அந்தப் பாட்டி' என்று சொன்னவர் வாயில் 'பதினாலாம் பெட்' மட்டும் மிஞ்சும். மூன்றாவது, நாம் செய்வதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐ.சி.டி.-11 என்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் விளக்கியது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அழுத்தம் பணியிடத்தில் இருக்கிறது, அது கையாளப்படவில்லை. அப்படியானால் கையாளும் அதிகாரம் உள்ளவர் யார்? நைட் டூட்டி சிஸ்டரா, ஹவுஸ் சர்ஜனா? அவர்கள் கையில் அப்படி எந்த அதிகாரமும் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன், இதிலிருந்து வேறானது. வேலையை விட்டுத் தள்ளி இருக்கும்போதும் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் வரும். ரோஸ்டரை, அதாவது டூட்டிப் பட்டியலைத் திருத்தினால் டிப்ரஷன் குணமாகிவிடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, நாலாபக்கமும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். எல்லை தாண்டினால் மஞ்சக்குப்பத்தில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வரைக்கும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்து, வயல்காட்டுப் பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று கேஷுவாலிட்டி தூங்குவதே இல்லை. வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் இந்த ஊரில் பஸ் ஏறி அந்த ஊரில் டூட்டிக்கு இறங்குபவர்கள். வேலை கடினம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாதிரி கூட்டம் உள்ள இரண்டு வார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆட்கள் வருஷக்கணக்கில் நிற்பார்கள், இன்னொன்றிலிருந்து மாறுதல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாரிடம் கேட்டாலும் அந்த இரண்டாவது வார்டு எது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

அந்த வித்தியாசத்தை எண்ணிக்கையில் பார்த்தது அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை. அங்கே சுமார் 2800 மருத்துவர்களிடம் கேட்டு 2015-ல் வெளியான ஆய்வு அது. தங்களுக்கு நேர் மேலே இருப்பவருக்கு மருத்துவர்களே 60-க்கு மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண் ஒன்று கூடும்போது, கீழே இருப்பவருக்கு பர்ன்அவுட் இருக்கும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைவாகவும், வேலையில் திருப்தி இருக்கும் வாய்ப்பு 9 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இது காரணம், அது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. வெந்து நொந்திருப்பவர் தன் சீஃபுக்குக் குறைவாகத்தான் மார்க் போடுவார், இல்லையா? ஆனாலும் தொடர்பு தெளிவாகவே இருக்கிறது.

எனக்கு அந்த எண்ணிக்கையை விட அவர்கள் கேட்ட கேள்விகள்தான் பிடித்தன. என்னை மரியாதையோடு நடத்துகிறாரா? என் கருத்தைக் கேட்கிறாரா? நன்றாகச் செய்ததைக் கவனித்துச் சொல்கிறாரா? மாற்றம் வந்தால் முன்கூட்டியே தெரிவிக்கிறாரா? நான் மேலே படிக்க, வளர வழி பார்க்கிறாரா? இப்படிப் பத்துப் பன்னிரண்டு. ஒன்றுக்கும் பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

தலைமை என்றதும் டீன், டைரக்டர், இணை இயக்குநர் (ஜே.டி.) என்று மேலே பார்த்துப் பழகிவிட்டோம். அவர்கள் முகத்தை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வருஷத்தில் எத்தனை தடவை பார்ப்பார்? அவருடைய ஒரு நாளைத் தீர்மானிப்பவர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டருக்கு யூனிட் சீஃப். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர். 108 வண்டி ஓட்டுபவருக்கு அவருடைய சூப்பர்வைசர். இந்தக் கட்டுரையில் தலைவர் என்று வரும் இடமெல்லாம் இவர்களைத்தான் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில் ரோஸ்டர். ஏனென்றால் வெளியாட்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தத் தாள்தான் உள்ளே இருப்பவர்களின் வாழ்க்கை. கடலூர் பக்கம் முப்பது பெட் உள்ள ஒரு வார்டு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வார டூட்டி ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. திங்கள் காலை யாருக்கு என்பது அதுவரை தெரியாது. பிள்ளையை யார் பள்ளியில் விடுவது, மாமியாரின் டயாலிசிஸ் நாளை யார் பார்த்துக்கொள்வது, எல்லாம் அந்தரத்தில் தொங்கும். அதே வேலை, அதே மணி நேரம்தான். தாள் மட்டும் இரண்டு வாரம் முன்னால் வந்தால் மனிதர் மூச்சுவிடுகிறார். வேலைப்பளு மட்டும் ஆளை எரிப்பதில்லை, தன் நேரத்தின் மீது தனக்கு ஒரு பிடியும் இல்லை என்பதும் எரிக்கிறது. மாஸ்லாக்கும் அவருடைய சக ஆய்வாளர் மைக்கேல் லைட்டரும் பர்ன்அவுட்டின் வேர்களாக ஆறு இடங்களைச் சொன்னார்கள்: வேலைப்பளு, வேலையின் மீது நமக்கு உள்ள பிடி, கிடைக்கும் பலன், கூட இருப்பவர்களோடு உறவு, நியாயம், மதிப்பீடுகள். ரோஸ்டர் ஒன்றே இதில் மூன்றைத் தொட்டுவிடுகிறது.

நியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன பொங்கலுக்கு டூட்டி பார்த்தவருக்கு இந்தப் பொங்கலும் டூட்டி. ஆடியில் வீராம்பட்டினம் தேர் அன்றைக்கு அரியாங்குப்பத்துப் பெண்ணுக்கு லீவு இல்லை, ஆனால் இன்சார்ஜுக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் எந்த விசேஷத்துக்கும் ஆஃப் விழுகிறது. இது வருஷக்கணக்கில் உள்ளே தங்கும். இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம்தான்: யார் எந்தப் பண்டிகைக்கு வேலை பார்த்தார், யார் எத்தனை நைட் பார்த்தார் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைப்பது. இரண்டு பேர் சம்மதித்து டூட்டி மாற்றிக்கொண்டால் அதற்குத் தடை போடாமல் இருப்பது. நைட் முடித்தவரை மறுநாள் மீட்டிங்குக்கு நிறுத்தி வைக்காமல் இருப்பது. ராத்திரி ஏழரைக்கு ஷிஃப்ட் முடிந்தும் அடுத்தவர் வராததால் ஒன்பது வரை நின்று, அப்புறம் தனியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பெண்ணைப் பற்றி யோசிப்பதும் இதில் சேரும்.

அடுத்தது வெட்டி வேலை. அமெரிக்காவில் ஹவாய் பசிஃபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் 2017-ல் தன் ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: கம்ப்யூட்டரில் நீங்கள் பதிவு செய்வதில் உருப்படாதது எது? பரிந்துரைகள் குவிந்தன. மணிக்கு ஒரு தரம் நோயாளியைப் போய்ப் பார்த்ததாகச் செவிலியர்கள் டிக் செய்யும் ஒரு பதிவை மட்டும் நீக்கியதில், நான்கு மருத்துவமனைகளில் மாதம் சுமார் 1700 செவிலியர் மணி நேரம் மிச்சமானது. நோயாளியைப் போய்ப் பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை, பார்த்தேன் என்று எழுதுவதைத்தான் நிறுத்தினார்கள்.

நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணி விவரம் ரிஜிஸ்டரில் ஒரு தடவை, கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் ஒரு தடவை, மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு தடவை, அப்புறம் வாட்ஸ்அப்பில் 'உடனே அனுப்பவும்' என்று மேலிருந்து கேட்கும்போது இன்னொரு தடவை. ரிஜிஸ்டரையும் பிக்மியையும் ஒழிக்கும் அதிகாரம் மருத்துவ அலுவலருக்கு இல்லைதான். அந்த நாலாவதை அவரால் நிறுத்த முடியும். பிக்மியிலேயே இருக்கும் எண்ணிக்கையை அவரோ அலுவலகத்தில் இருப்பவரோ எடுத்து மேலே அனுப்பினால், செவிலியர் நிம்மதியாக வீடு வீடாகப் போகலாம். மேலிருந்து வரும் மழைக்குக் கீழே இருப்பவர்கள் நனையாமல் குடை பிடிப்பது தலைமையின் வேலையில் பாதி என்பேன்.

அப்புறம் அடிதடி. நோயாளி இறந்ததும் உறவினர்கள் கேஷுவாலிட்டி கண்ணாடியை உடைப்பதும், பயிற்சி டாக்டரின் சட்டையைப் பிடிப்பதும் செய்தித்தாளில் நாம் படிப்பதுதான். தமிழ்நாட்டில் 2008-லிருந்தே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். சத்தம் கேட்ட உடனே சீனியர் எங்கே நின்றார் என்பதைத்தான் அந்தப் பயிற்சி டாக்டர் ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருப்பார். முன்னால் வந்து 'என்கிட்ட பேசுங்க' என்றாரா, அறைக்குள் இருந்துகொண்டு 'என்ன நடந்ததுன்னு எழுதிக் குடு' என்றாரா? கெட்ட செய்தியை உறவினரிடம் சொல்லும் வேலையை ராத்திரி இரண்டு மணிக்கு இருப்பதிலேயே சின்னவர் தலையில் கட்டுவது இங்கே சர்வசாதாரணம். போனிலாவது சீனியர் கூட இருக்க வேண்டும்.

சாவும் தவறும் இன்னும் ஆழமாகப் போகும். ஒரு மருந்தின் அளவு மாறிப்போய் நோயாளிக்குப் பாதிப்பு வந்தால், முதலில் பாதிக்கப்பட்டவர் நோயாளி. கொடுத்தவரும் உள்ளுக்குள் உடைகிறார் என்பதை ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதி, அவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறிப்பிட்டார். நம் பக்கம் அப்படி ஒருவருக்கு முதலில் வந்து சேர்வது மெமோ. விசாரணை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மெமோவுக்கு முன்னால் இன்சார்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து, 'சாப்பிட்டியாம்மா? இன்னைக்கு மிச்ச டூட்டிய நான் பாத்துக்கிறேன்' என்று சொல்வதற்கு எந்த விதியும் தடையில்லை. தவறு எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மருந்துகளை ஒரே தட்டில் அடுக்கி வைத்தது யார்? திட்டு மட்டுமே கிடைக்கும் வார்டில் அடுத்த தவறு மறைக்கப்படும். அது நோயாளிக்கும் ஆபத்து.

பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம்தான். மேயோ கிளினிக்கில் 74 மருத்துவர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2014-ல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம், ஒன்பது மாதம், சிறு குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். அந்த நேரத்தை நிர்வாகமே வேலை நேரத்தில் கொடுத்தது. மனிதர்களிடமிருந்து விலகும் போக்கு அவர்களிடம் குறைந்தது, வேலையில் அர்த்தம் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரத்தை ஊழியரின் சொந்த நேரத்திலிருந்து எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே ஆஃப் நாளில் வரச்சொல்லி, யோகா வகுப்பு நடத்தி, அட்டெண்டன்ஸ் எடுத்து, போட்டோ பிடித்துப் போடுகிறோம். யோகா நல்லதுதான். ஆஃப் நாளைப் பறித்துக் கொடுக்கும் யோகாவால் என்ன நிம்மதி வரும்? 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தனிமனிதரைத் தேற்றும் பயிற்சிகளை விட வேலை முறையை மாற்றும் முயற்சிகளுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது.

புயல் சமயத்தை நம் பக்கத்தில் விட்டுவிட முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி ஊழியர்கள் உள்ளே, அவர்கள் வீடுகள் தண்ணீரில். தென்பெண்ணைக் கரையில் வீடு உள்ள ஒரு சிஸ்டர் வார்டில் சலைன் மாட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் பிள்ளைகள் பக்கத்து மாடியில் நிற்பார்கள். இப்படிப்பட்ட நாட்களுக்கு முன்பே ஒரு பட்டியல் வேண்டும்: யார் வீடு தாழ்வான பகுதியில், யார் வீட்டில் கைக்குழந்தை, யாரை முதலில் விடுவிக்க வேண்டும், மாற்று ஆளுக்கு வண்டி எங்கிருந்து வரும். வானிலை மையம் எச்சரிக்கை விட்டதும் ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணுவது போல இதையும் எண்ணலாம். புயல் ஓய்ந்த பிறகு நிவாரண முகாம் டூட்டிக்கு மறுபடி அதே ஆட்களையே அனுப்பாமல் இருப்பதும் முக்கியம். மறுக்கத் தெரியாதவர்கள் மேல்தான் எல்லா வேலையும் விழும்.

இத்தனையும் சொன்ன பிறகு, தலைவரால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு அன்பான வார்த்தை ஈடாகாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002-ல் வந்தது. ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடும்போது அவருக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் ஏறியது. நம் நாட்டில் போதனா மருத்துவமனையின் பொது வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அரசு வார்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. டாக்டர்கள் கதையும் அப்படித்தான். மத்திய அரசின் 1992 உத்தரவு ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்றது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-ல், பி.ஜி. மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பது வருஷம் கழித்து 74-ஐக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் நடப்பது என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே இன்சார்ஜும் யூனிட் சீஃபும் செய்ய வேண்டிய இன்னொன்று, கணக்கை மேலே கொண்டுபோவது. 'ஆள் பத்தலை சார்' என்று சொன்னால் மேலே இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். இந்த மாதம் எத்தனை ராத்திரி ஒரே சிஸ்டர் எத்தனை பேரைப் பார்த்தார், எத்தனை பேர் டபுள் டூட்டி பார்த்தார்கள் என்று தேதி போட்டு எழுத்தில் கொடுத்தால், அது கோப்பில் உட்காரும். ஒப்பந்த ஊழியர்கள் அதிகமுள்ள இடங்களில் இது இன்னும் அவசியம். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தொகுப்பூதியத்தில் செய்பவருக்கு, தன் குறையை எழுதிக் கையெழுத்துப் போடும் தைரியம் வராது. அவருக்காக எழுத வேண்டியவர் மேலே இருப்பவர்.

அந்த மேலே இருப்பவரும் மனிதர்தான், அவரும் எரிந்துபோவார். நல்ல டாக்டர், நல்ல நர்ஸ் என்பதற்காகவோ சீனியாரிட்டிக்காகவோ இன்சார்ஜ் ஆக்கிவிடுகிறோம். ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. லீவு எடுக்காத, சாப்பாட்டு நேரத்தில் நிற்கும் இன்சார்ஜைப் பார்த்துத்தான் கீழே உள்ளவர்களும் உட்காரப் பயப்படுகிறார்கள். அவர் முதலில் தன் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

இதில் எதையாவது செய்து பார்க்க நினைப்பவர்கள், ஆரம்பிக்கும் முன் மூன்று எண்ணிக்கைகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: மாதத்துக்கு எத்தனை மெடிக்கல் லீவு, எத்தனை மாறுதல் மனு, எத்தனை டபுள் டூட்டி. கூடவே பெயர் போடாத ஒரு சின்னக் கேள்வித்தாள். மேலே சொன்ன மேயோ கேள்விகளையே தமிழில் எழுதி, ஒரு பெட்டியில் போடச் சொல்லலாம். ஒரே நேரத்தில் பத்து மாற்றம் வேண்டாம். ரோஸ்டரை முன்கூட்டியே தருவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் விடாமல் செய்து, மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை அசையவில்லை என்றால் வேர் வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று வார்டில் இருப்பவர்களையே கேளுங்கள்.